கனகலட்சுமியும் வலசைக் கருவேலமும்

"அப்பா பேருக்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வாண்ணே?" என்று கேட்ட கனகலட்சுமி, பதில் வருவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். வெளியே நின்று, நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்க்கிறாள். உசிலம்பட்டி சாலைக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே ஒரு வரிசை நாரைகள், கழுத்தை நீட்டிக்கொண்டு கண்மாயை நோக்கிப் போகின்றன. அவளது வலது கை விரல்கள் சேலை மடிப்பின் மேல் மெல்லத் தட்டுகின்றன. அவள் எண்ணும் முறை அது. "பதினாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்கிறாள். விண்ணப்பம் எழுத வந்தவர் அதற்குள் தன் அப்பாவின் பெயரையே ஒருமுறை சந்தேகப்பட்டு முடித்திருப்பார்.

நெடுங்கரைப்பட்டி விலக்கில், ஆரப்பாளையத்திலிருந்து வரும் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவளுடைய கடை. ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் வேலைகள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கரண்ட் போனால் கீச்சுக்கீச்சென்று கத்தும் ஒரு யூபிஎஸ், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உசிலம்பட்டியில் தட்டச்சு கீழ்நிலை, மேல்நிலை இரண்டிலும் முதல் வகுப்பில் தேறியவள். பழைய இயந்திரத்தில் பழகிய கை. கம்ப்யூட்டருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இடது கை தானாக எழுந்து, அங்கே இல்லாத நெம்புகோலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் இறங்கும். புதிதாக வருகிறவர்கள் ஈ விரட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுத்துப் பிழையைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாண பிளெக்ஸில், கோயில் நோட்டீஸில், டீக்கடைப் பலகையில், எங்கே கண்டாலும் நின்று திருத்துவாள். ஒருமுறை துக்க வீட்டுக்கு மாலையோடு போனவள், வாசலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியில் 'பொர்பாதம்' என்று இருந்ததைப் பார்த்து, மாலையைப் போடுவதற்கு முன்னால் பேனாவை எடுத்துவிட்டாள். இறந்தவரின் மகன் முறைத்தான். "கோவிச்சுக்காத தம்பி. மனுசன் தப்பா எழுதுன பாதத்துக்குப் போயிரக் கூடாதுல்ல" என்றாள். அவன் அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான்.

பறவைகளிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு பிழைதான். நான்கு வருடத்துக்கு முன்னால் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் ஜாய்ஸ் என்ற பெண், கண்மாய்க்குப் பறவை பார்க்க வந்த இடத்தில், தன் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். கனகலட்சுமி தாளை மெஷினில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "டீச்சர், மஞ்சள்மூக்கு 'நாறை'ன்னு பெரிய 'ற' போட்ருக்கீங்க. இது என்ன, நாறுற பறவையா?" ஜாய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டியல் முழுவதையும் திருத்தித் தரச் சொன்னாள். திருத்த வேண்டுமென்றால் பறவைகளின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டுமென்றால் பறவைகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கனகலட்சுமி தன் மொபெட்டில் கண்மாய்க் கரையில் நின்றாள். அன்றிலிருந்து மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றும்வரை ஒரு நாளும் தவறவில்லை. பாழான பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு, எது எத்தனை என்று எழுதுவாள். அரிவாள்மூக்கன் இத்தனை, கூழைக்கடா இத்தனை, தாரா இத்தனை.

தாரா என்றால் வாத்து. கார்த்திகையில் வடக்கேயிருந்து கூட்டமாக வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும் காட்டு வாத்துகளை இந்தப் பக்கத்தில் 'சீமைத் தாரா' என்பார்கள். வெளியிலிருந்து வந்தது எதுவானாலும் இங்கே சீமைதான்: சீமைப் பசு, சீமை ஓடு, சீமைக் கருவேலம். கனகலட்சுமியின் கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். "சீமைத் தாராவாவது மூணு மாசம் இருக்கு. எங்க வீட்டுக்காரரு மூணா நாளு பஸ் ஏறிர்றாரு" என்பாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆமாம் என்று தலையாட்டுவார்.

முன்பெல்லாம் இந்தத் தாராக்களை வலை வைத்துப் பிடித்து, கால்களைக் கட்டிச் சாலையோரம் தொங்கவிட்டு விற்பார்கள். கனகலட்சுமி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. போலீசுக்கும் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் மட்டும், "தாரா பிடிச்ச கைக்கு இங்க ஜெராக்ஸ் கிடையாதுண்ணே" என்றாள். ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் ஒரு நகல் வேண்டுமென்றால் அடுத்த கடை ஏழு கிலோமீட்டர் தள்ளி. முதல் வருடம் திட்டினார்கள். இரண்டாம் வருடம் அவர்களுடைய மனைவிமார்கள் வீட்டில் திட்டினார்கள். மூன்றாம் வருடம் வலை போடுகிறவர்கள் இல்லை.

கண்மாயின் கிழக்கே, முழங்கால் தண்ணீரில் ஒரு மண்திட்டு இருக்கிறது. அதன் மேலும் சுற்றியும் அறுபதுக்கு மேற்பட்ட நாட்டுக் கருவேல மரங்கள். நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் பெரும்பாலும் கூடு கட்டுவது அங்கேதான். தை மாதத்தில் மரத்துக்கு ஆறேழு கூடு, எல்லாவற்றிலும் குஞ்சு. கனகலட்சுமி அதற்கு ஒரு பலகை வைக்க வேண்டுமென்றாள். அவளுடைய அண்ணன் சிவனாண்டி தச்சர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இரண்டு முறை அளந்து ஒரு முறை அறுப்பவர். வேப்பம் பலகையை இழைத்து, எழுத்துக்குக் கோடு போட்டு, தங்கை எழுதித் தந்ததை ஒரு சுழி பிசகாமல் வெள்ளைப் பெயின்டில் எழுதிக்கொடுத்தார்: 'வலசைத் திட்டு. சத்தம் போடாதீர்.'

பறவைகள் தேசம் விட்டுத் தேசம் வந்து போவதற்கு வலசை என்று பெயர் என்பதை ஜாய்ஸ்தான் சொல்லியிருந்தாள். ஊருக்கு அந்தச் சொல் புதிது. வலசை என்றால் ஊர்ப் பெயர் என்றுதான் பழக்கம். "வலசையிலயா? அங்கன என் கொழுந்தியா வீடு இருக்கே" என்று ஒருவர் பலகையைப் பார்த்துக் குழம்பினார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே வருடத்தில், "மாட்ட வலசைப் பக்கம் விடாத" என்று ஆடுமாடு மேய்ப்பவர்கள் சொல்லும் அளவுக்கு அந்தத் திட்டு வலசை ஆகிவிட்டது. அப்போது கனகலட்சுமிக்கு அதில் பெருமைதான்.

போன அக்டோபரில் கிராம சபை கூடியது. இரண்டு தீர்மானங்கள். ஒன்று, கண்மாயின் மேற்கே புதராக மண்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேல மரங்களை அகற்றுவது. மற்றொன்று, சீமைத் தாரா முதலிய பறவைகளைப் பிடிப்பதையும் கண்மாய்க் கரையில் வெடி வெடிப்பதையும் தடுப்பது. ஊராட்சிச் செயலர் அசோக்குமார் கையால் எழுதிக் கொண்டுவந்தார். கனகலட்சுமி தட்டச்சு செய்து, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டு முடித்தபோது ஜாய்ஸிடமிருந்து போன் வந்தது. சீமைத் தாரா என்றால் மேலிடத்தில் புரியாது, வலசைத் தாரா என்று போடுங்கள் அக்கா என்றாள். அதே நேரம் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அசோக்குமார் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். கனகலட்சுமி, 'சீமை' இருக்கும் இடத்திலெல்லாம் 'வலசை' என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்தாள்.

நான்கு இடத்தில் மாற்றியாயிற்று என்றது கம்ப்யூட்டர். தாரா வந்த இடங்கள் இரண்டுதான். வானத்தில் போகும் நாரையை விடாமல் எண்ணுகிறவள் அதை எண்ணவில்லை. மாறிய இடங்களில் ஒற்றும் பிசகவில்லை. 'சீமைக் கருவேலம்' அழகாக 'வலசைக் கருவேலம்' ஆகியிருந்தது. பிழை என்றால் கண்ணில் உறுத்தியிருக்கும். இது உறுத்தவில்லை. அசோக்குமார் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, பஸ் ஏறிவிட்டார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, முறுக்கு மீசை வைத்த ஒரு ஆள் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். பெயர் காளை. ஜேசிபி ஓட்டுகிறவர். வேலை உத்தரவுக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். எந்தத் தாளையும் வாசிக்காமல் மெஷினில் வைக்கும் பழக்கம் கனகலட்சுமிக்குக் கிடையாது. வாசித்தாள். 'நெடுங்கரைக் கண்மாயில் உள்ள வலசைக் கருவேல மரங்களை வேரோடு அகற்றுதல்.'

மறுபடியும் வாசித்தாள். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

"கெழக்க, வலசைத் திட்டுக்கு எதுத்தாப்புல கரையில இறக்கியாச்சுக்கா. டீக்கடையில கேட்டேன், போர்டு இருக்குமின்னு கையக் காட்டுனாக. பாதை போட மண்ணுத் தட்டிக்கிட்டு இருக்கான் இன்னொரு ஆளு. மதியத்துக்குள்ள மரத்துக்கிட்ட போயிருவோம்."

கனகலட்சுமி, அது சீமைக் கருவேலம் என்று இருக்க வேண்டிய இடம், தப்பு நடந்துவிட்டது என்று சொன்னாள். காளை தாளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல சீமைன்னு இல்லையேக்கா. வலசைன்னு போட்ருக்கு. அங்கன போர்டுலயும் வலசைன்னுதான் இருக்கு. கருவேல மரமும் நிக்குது. நான் என்ன செய்ய? ஒரு பேப்பர் குடுங்க, நிப்பாட்டுறேன். பேப்பர் இல்லாம நிப்பாட்டுனா என்னைய நிப்பாட்டிருவாங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உத்தரவில் இருந்தது அவளே தட்டச்சு செய்த சொல், திட்டில் இருந்தது அவளே வைத்த பெயர்ப் பலகை. கண்மாய் முழுக்க மரம் இருக்க, குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும் அந்த ஒரு திட்டுக்கு இயந்திரத்தை விலாசம் சொல்லி வரவழைத்தது போல ஆகிவிட்டது. ஜாய்ஸுக்குப் போன் செய்தாள். விடுமுறை நாள், எந்த அதிகாரியும் போனை எடுக்கவில்லை என்று ஜாய்ஸ் கால் மணி நேரம் கழித்து அழாத குறையாகச் சொன்னாள்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அசோக்குமார் வீட்டுக்குப் போனாள். செயலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கையெழுத்து அவருடையது. இப்போது பிழை என்று எழுதிக்கொடுத்தால், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பறவைக்கு வேறு மரமா இல்லை, அடுத்த வருடம் வேறு இடத்தில் கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல என்னமோ கோளாறுன்னு எழுதிருவமா தங்கச்சி? ஒனக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல."

"கம்ப்யூட்டருக்கு என்னண்ணே கோளாறு? நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு."

கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அக்டோபரில் அவர் கையால் எழுதிக் கொடுத்த அதே தாள். தட்டச்சு செய்த எதன் மூலத்தையும் அவள் தூக்கிப் போடுவதில்லை; வருட வாரியாக அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருப்பாள். அதில் அசோக்குமாரின் கோழிக்கிறுக்கலில் 'சீமை கருவேல மரங்கள்' என்று தெளிவாக இருந்தது. அந்தத் தாள் இருக்கும்வரை செயலர் மேல் பெரிய குற்றம் இல்லை. முழுக் குற்றமும் அவள் மேல்தான். அது வெளியே வந்தால் அரசாங்க வேலை எதையும் இனி அந்தக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் பழி இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

அசோக்குமார் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, சீலை எடுத்துக்கொண்டு அவளோடு கடைக்கு வந்தார்.

ஊரில் எத்தனையோ பேருக்காக மனு எழுதியவள், தனக்காக எழுதிய முதல் கடிதம் அது. ஐந்தே வரி. 'கிராம சபைத் தீர்மானத்தில் சீமை என்று இருந்ததை வலசை என்று மாற்றித் தட்டச்சு செய்தது என்னுடைய பிழை. செயலர் அவர்கள் எழுதித் தந்த மூலம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இ. கனகலட்சுமி.' வரி முடிந்தபோது இடது கை எழவில்லை என்று கூட இருந்த அசோக்குமார் பிறகு சொன்னார். அவர் கீழே, மரம் அகற்றுவதை நிறுத்தி வைக்கும்படி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துவிட்டுத்தான் வைத்தார்.

அவர்கள் கரைக்குப் போனபோது மண்பாதை திட்டுக்கு இருபது அடி தூரத்தில் இருந்தது. நாரைகள் கூட்டை விட்டு எழும்பி, போகவும் மனமில்லாமல் இறங்கவும் பயந்து மேலேயே சுற்றின. கரையில் ஊர் பாதி கூடியிருந்தது. விஷயம் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஒரு காலத்தில் தாரா பிடித்து ஜெராக்ஸ் மறுக்கப்பட்ட ஒருவர், இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"ஊரு எழுத்த எல்லாம் திருத்துவ. ஒன் எழுத்த யாரு தாயி திருத்துறது?"

"நீங்கதாண்ணே" என்று கடிதத்தின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்தாள். "வாசிச்சுச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் வாசித்தார். 'என்னுடைய பிழை' என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

காளை சீல் வைத்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு அதையே வாசித்துக் காட்டினார். பிறகு தண்ணீரில் இறங்கி, கையை உயர்த்தி, மண் தட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தச் சொன்னார். இயந்திரத்தின் சத்தம் அடங்கியது. சுற்றிக்கொண்டிருந்த நாரைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

திருத்திய உத்தரவு செவ்வாய்க்கிழமை வந்தது. சீமைக் கருவேலத்தை மட்டும் அகற்ற வேண்டும். காளை மேற்குப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டு ஒரு சிக்கலைச் சொன்னார். "எனக்கு ரெண்டும் முள்ளுதானக்கா. எது சீமை, எது நாடுன்னு நீங்கதான் சொல்லணும்."

கடையை மூன்று நாள் பூட்டினாள். சிவனாண்டி தன் வேலைப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சாக்குக்கட்டி எடுத்துக்கொடுத்தார். கனகலட்சுமி இயந்திரத்துக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைத் தடவி, காயைப் பார்த்து, கறுத்த பட்டையும் மணிமணியாகக் கோத்த காயுமாக இருந்த மரத்தில் மட்டும் 'நாட்டு' என்று எழுதினாள். எழுதியது நிற்கும். எழுதாதது போகும். பின்னால் காளை ஒவ்வொரு மரத்திலும் வண்டியை நிறுத்தி, எழுத்து இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். நாட்டு மரம் ஒன்றின் கிளைகூட ஒடியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் ஓரத்தில் கடைசி வரிசைக்கு வந்தார்கள். அங்கே ஒரு மரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. நீள நீளமாக மஞ்சள் காய்கள். எந்தச் சந்தேகமும் வேண்டாத சீமைக் கருவேலம். அதன் உச்சியில் அரிவாள்மூக்கன்கள் நான்கு கூடு கட்டியிருந்தன. ஒன்றில் மூன்று குஞ்சுகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன.

"இது எனக்கே தெரியுதுக்கா" என்றார் காளை. "சீமைதான்."

உத்தரவு அவள் பையில்தான் இருந்தது. அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கனகலட்சுமி மேலே பார்த்தாள். பிறகு சாக்குக்கட்டியை எடுத்து, அந்தச் சீமைக் கருவேலத்தின் அடிமரத்தில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, 'நாட்டு' என்று எழுதினாள். 'ட்'டின் தலையில் புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்கு நடந்தாள்.